வால் நறுக்கிய வாரம்

மூன்றாவது முறையும் இயந்திரம் அதையேதான் சொன்னது. மூன்று தொட்டிக் கெண்டை மீன்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாம்.

மீன் டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆய்வு நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். வளர்ப்புக் கெண்டையின் மரபணுவில் குடும்ப அடையாளங்களைத் தேடி நாலு வருஷம் உழைத்திருந்தாள். வால் நுனியில் துளி நறுக்கிக் கொடுத்தால் போதும், எந்த மீன் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம்; சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகிக் குஞ்சுகள் நோஞ்சானாவதைத் தடுக்கலாம். அதை நிரூபிக்கத்தான் மூன்று தொட்டிகளில் மூன்று தனித்தனிக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை நிபுணர் குழு வருகிறது.

முதல் முறை பழி மை மேல் விழுந்தது. வால் துண்டு போட்ட குழாய்களில் எழுதிய எண்கள் ஆல்கஹால் பட்டு அழிந்திருந்தன. பென்சிலால் எழுதி, அத்தனை மீனுக்கும் மறுபடி வால் நறுக்கினாள். அதே பதில். அடுத்து சோதனை மருந்துகளைச் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுப் புட்டிகளைத் திறந்தாள். திரும்பவும் கத்தரிக்கோல்.

"போதும் மேடம். உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே மூலையில போயி ஒண்டுதுங்க" என்று கெஞ்சினார் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர்.

இப்போது மிச்சமிருந்த குற்றவாளி இயந்திரம்தான். அதைச் சோதிக்க வெளி மீன் ஒன்று வேண்டும். வீட்டுக்குப் போனால் மாமியார் கெண்டையும் கையுமாக நின்றிருந்தார்.

"அத்தை, இந்த வால் எனக்கு வேணும்."

"தலையையும் எடுத்துக்கோம்மா. நடுவுல இருக்கிறத மட்டும் எங்களுக்கு விட்டுடு."

மறுநாள் இயந்திரம் தயங்காமல் சொன்னது: இந்த மீன் வேறு குடும்பம்.

"நான் பாத்து வாங்கினா சும்மாவா?" என்று போனில் பூரித்தார் மாமியார்.

மருமகள் போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். மை சரி, மருந்து சரி, இயந்திரமும் சரி. அப்படியானால் தப்பு அவளுடையதுதான். ஆரம்பத்திலேயே ஒரே குடும்பத்துக் குஞ்சுகளை மூன்று தொட்டிகளிலும் விட்டிருக்கிறாள்.

"நீயா? உப்பு டப்பாவுக்கே லேபிள் ஒட்டுறவ நீ" என்றான் கணவன்.

"குஞ்சு விட்ட அன்னைக்கு எனக்கு ஜுரம்ங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு நிபுணர்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். "ஒரே குடும்பத்து மீனை நான்தான் மூணு தொட்டியிலயும் விட்டுட்டேன். என் அடையாளங்களை நிரூபிக்க முடியலை. மன்னிச்சிடுங்க."

நிலையத் தலைவருக்கு முகம் தொங்கிப்போனது. "நாலு வருஷம்மா!" என்றார். நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நோட்டுகளை மூடினார்கள். அவள் கண்ணைத் துடைத்தபடி கதவை நோக்கி நடந்தாள்.

கையில் வலையோடு நின்ற தொட்டிக்காரர் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"மேடம் மேல தப்பில்லைங்க. போன கோடையில காத்து மோட்டார் நின்னு ரெண்டு தொட்டி மீனும் செத்துப்போச்சு. இவங்க தாங்க மாட்டாங்களேன்னு மூணாவது தொட்டி மீனையே பிரிச்சு மூணுலயும் விட்டேன். துளியூண்டு வாலை வச்சே இதைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"