மலைப் படம் போட்ட நாலு டயர்

'தெரியாது' என்ற சொல் ஆசிரியர்களின் வாயில் லேசில் வராது. பிள்ளைகள் சொன்னால் பொறுத்துக்கொள்வோம். நாங்கள் சொல்ல மாட்டோம். நான் இருபது வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். அத்தனை வருடமும் அந்தச் சொல்லைச் சொல்லாமலே காலம் தள்ளினேன். அதன் பலனாக என் கொழுந்தன் சசியின் கல்யாணமே நின்று போகப் பார்த்தது.

ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் கணவர் ஆபீஸ் கிளாக்கர். எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிற ஒரே ஆள் நான். அவர் பழகப் போய், முதல் நாளே காரை ரோட்டோர மழைத்தண்ணிக் கானுக்குள் இறக்கினார். "இது நமக்கு ஒத்து வராது விஜி" என்று சாவியை என் கையில் கொடுத்ததோடு சரி, ஸ்டியரிங் இருக்கும் பக்கமே அப்புறம் வரவில்லை.

பழைய சின்னக் கார். பள்ளிக்கூடம், பஜார், கோயில், எப்போதாவது இரத்தினபுரி ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் அதன் ஓட்டம். நாலு டயரும் மொட்டையாகிக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் சசிக்கு எம்பிலிப்பிட்டியவில் பெண் நிச்சயமானது. "மாப்பிள்ளையை நான்தான் கார்ல கூட்டிட்டுப் போவேன்" என்று யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டேன். டயர் மாற்றியே ஆகவேண்டும். ஆனால் அந்த வருடம் புது டயர் விலையைக் கேட்டாலே காற்று இறங்கியது (டயருக்கு இல்லை, எங்களுக்கு).

பெல்மதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் டயர் கடைக்குப் போனோம். நானா என் கணவரைப் பார்த்து, "சேர், கார் எந்தப் பக்கம் ஓடுறது?" என்றார்.

"நான்தான் ஓட்டுறேன்," என்றேன்.

"ஆ, சரி மிஸ்," என்றுவிட்டு மறுபடியும் அவரிடமே, "சேர், ஒரு நாளைக்கி எவ்வளவு தூரம் ஓடும்?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க டயர் வாங்குவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தவள் நான். என் கணவர் பார்த்தது கிரிக்கெட்.

நானா ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "பேர் போன டயர் இல்ல சேர். ஆனா புதுசு, வெலையும் கொறவு. உங்கட ஓட்டத்துக்கு இது தாராளம். மழைக்கும் நல்லா புடிக்கும்."

இப்போது யோசித்தால், டயரைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். அன்றைக்கு நான் குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இதுல வெட்டு பத்தாது நானா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெட்டு என்று நான் சொன்னது டயரின் மேலே ஓடும் பள்ளங்களை. எவ்வளவு இருந்தால் பத்தும் என்பது எனக்கும் தெரியாது.

திரும்பி வரும் வழியில் ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை. ஜப்பானில் ஓடிய பழைய டயர்களை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் நேராக என்னிடம் வந்து, "மிஸ்ஸுக்கு எந்த சைஸ் வேணும்?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே நான் பாதி வாங்கிவிட்டேன்.

மீதியை வாங்க வைத்தது ஒரு படம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் வைத்த மலை, அதற்குள்ளே ஆறு இதழோடு ஒரு குட்டிப் பூ. தேசப்படத்தில் கோயில் எது, குளம் எது, காடு எது என்று குறியீடு சொல்லிக்கொடுக்கிற வாய் சும்மா இருக்குமா?

"பாருங்க, மலைப் படம் போட்டிருக்கு. நம்மள மாதிரி மலை ரோட்டுல ஓடுறவங்களுக்குன்னே செஞ்சது. உள்ள இருக்கிறது தேயிலைப் பூ." (ஜப்பானில் தேயிலை விளைகிறது. அதுவும் எனக்குத் தெரியும்!)

"ஹொந்தம ஜபன் படு, மிஸ்!" என்று கடைக்காரர் ஒத்து ஊதினார். அசல் ஜப்பான் சாமான், சந்தேகமே வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் படம் என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று உள்ளே போனது. மேலே பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான நெளிக்கோடுகள். இதுவல்லவா வெட்டு! நானாவின் கடையில் இரண்டு டயருக்குச் சொன்ன விலையில் நாலும் கிடைத்தன. என் கணவர் படத்தைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

கார் ஓடும்போது மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. "அது ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற சத்தம்," என்று பள்ளிக்கூட ஸ்டாப் ரூமில் விளக்கம் கொடுத்தேன். இரண்டு பேர் அந்தக் கொட்டகைக்கு வழி கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். (பாவம்.)

கல்யாண நாள் வந்தது. சொந்தக்காரர்கள் வேன்களில் முன்னால் போய்விட்டார்கள். ரிப்பன் கட்டிய என் காரில் நான், பக்கத்தில் கணவர், பின்னால் பட்டு வேட்டியோடு சசி, அவனுடைய தலைப்பாகையை மடியில் பத்திரமாக வைத்தபடி என் மாமியார்.

பெல்மதுளையில் திரும்பி, கஹவத்தை தாண்டி இறங்க இறங்க வெயில் ஏறியது. கொடகவெல நெருங்கும்போது கார் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல வளைவுகளில் அசைந்தது.

"கார் ஆடுதே?" என்றார் அவர்.

"காத்து," என்றேன். வெளியே ஒரு இலை அசையவில்லை.

கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாசனை, அப்புறம் பின்னால் தடதடவென்று அடி. இறங்கிப் பார்த்தால் பின்பக்க டயரின் மேல்தோல் கல்லிலிருந்து கிளப்பிய தோசை மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பெயார் வீலாகக் கிடந்த பழைய மொட்டை டயரை மாட்டினார்கள். கல்யாண மாப்பிள்ளை காரைத் தூக்க ஜக் அடிப்பதைப் பார்க்க ஒரு பஸ்ஸே வேகம் குறைத்துப் போனது.

இதற்குள் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வர ஆரம்பித்திருந்தது. பெண் நிர்மலாவுக்கு முன்பு ஒரு சம்பந்தம் பேசி, பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் போனில், "எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். இரண்டாவதில், "ஐயர் கேக்குறாருங்க," என்றார். மூன்றாவது போன் வந்தபோது அடுத்த டயரும் புடைத்துப்போய், ஒரு டயர் கடை வாசல்வரை காரை நொண்ட வைத்து நிறுத்தியிருந்தேன். அந்த முறை அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வருவீங்கதானே?"

"கட்டாயம் வர்றோம் மாமா," என்று சசிதான் என் கையிலிருந்து போனை வாங்கிச் சொன்னான்.

கடைக்காரர் இளவயசுக்காரர். டயரைச் சுற்றி வந்து குனிந்தவர், படத்தைக் கண்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மிஸ், மே ஹிம டயர் நே!"

ஹிம என்றால் வானத்திலிருந்து கொட்டும் பனி; இது பனி டயராச்சே என்கிறார். ஆறு வருடம் கொரியாவில் வேலை செய்தாராம். பனி கொட்டும் காலத்தில் அங்கே கார்களுக்கு இதைத்தான் மாட்டுவார்களாம். குளிரிலும் இறுகாமல் இருக்க ரப்பரை மெத்தென்று செய்திருப்பார்களாம். இந்த வெயிலில், அதுவும் இத்தனை பழைய டயர், எப்படித் தாங்கும் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். மலைக்குள் இருப்பது பூ இல்லை, பனித்துகள் என்றும் விரலால் தொட்டுக் காட்டினார். வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சிங்களம் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

"எம்பிலிப்பிட்டியவுக்குப் போக பனி டயரா?" என்றார் என் மாமியார்.

"சொல்லியிருந்தா ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்திருப்பேனே, அண்ணி," என்றான் சசி.

என் கார் சைசில் அவரிடம் டயர் இல்லை. ஆனால் எம்பிலிப்பிட்டிய சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் லொறி ஒன்றை, ரோட்டுக்கு நடுவில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். காரை அங்கேயே விட்டுவிட்டு, முன்னால் டிரைவரோடு சசியும் மாமியாரும் ஏறிக்கொண்டார்கள். பின்னால் வாழைத்தார்களுக்கு நடுவே நானும் என் கணவரும். காஞ்சிபுரப் பட்டுச் சேலையோடு லொறிக்குப் பின்னால் ஏறுவது எப்படி என்று மட்டும் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

லொறி கிளம்பியதும் அழுதுவிட்டேன். "அது பூன்னு நெனச்சுட்டேங்க," என்றேன்.

"பூவா இருக்காதுன்னு எனக்கும் தோணுச்சு," என்றார் அவர்.

"அப்ப ஏன் சொல்லல?"

"அந்த நானா கடையில எல்லாம் என்கிட்டயே கேட்டாரு. உன் மொகம் சுண்டிப் போச்சு. அடுத்த கடையிலயாவது நீ பேசட்டும்னு விட்டுட்டேன்." அப்புறம், பழுத்திருந்த ஒரு பழத்தைத் தாரிலிருந்து பிய்த்து நீட்டினார். "சாப்பிடு. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

வாங்கிச் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர்களும் ஆரத்தித் தட்டோடு பெண்களும் ரிப்பன் கட்டிய காருக்காக ரோட்டையே பார்த்து நின்றார்கள். லொறி உள்ளே திரும்பியதும் ஒருவர் ஓடிவந்து கையை ஆட்டினார். "வாழைப்பழம் பின்னால! சமையக்கட்டுப் பக்கம் போங்க!" டிரைவரும் சொன்ன பேச்சைக் கேட்டு நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். தார் இறக்க வந்த சமையல்காரர் பின்பலகையைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடினார்.

சசி தன் கல்யாணத்துக்குச் சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கொண்டுதான் நுழைந்தான். முகூர்த்தம் முடிய சில நிமிடங்களே இருந்தன. பெண்ணின் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தாலி கட்டி முடிகிறவரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

அடுத்த வாரமே நானாவிடம் போய், அந்தச் சாதாரணப் புது டயரையே நாலு வாங்கிப் போட்டேன். இன்றைக்குவரை நல்லாத்தான் ஓடுகின்றன. ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற சத்தம்தான் இல்லை.

சசி இப்போது எம்பிலிப்பிட்டியவிலேயே மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நாங்கள் அங்கே போகிற நாட்களில், வீட்டைவிட்டு இறங்குமுன் நிர்மலாவிடமிருந்து தவறாமல் போன் வரும்.

"அக்கா, இங்க இன்னைக்கி பனி கொட்டலைங்க. பயப்படாம வாங்க."

போனைக் காதிலேயே வைத்திருப்பேன். அவளுக்குப் பின்னால் முதலில் சசி சிரிப்பான். அப்புறம் அவளுடைய அப்பா இருமி இருமிச் சிரிப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் காரைக் கிளப்புவேன்.