பட்டப்பகலில் ஹெட்லைட்

பொறாமைப்படுவதற்கு அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவன் என்று எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ஆனால் சகலைக்கு ஈடு யாரும் இல்லை. மற்றவர்களோடு நம்மை ஒப்பிடுகிறவர்கள் நம் முதுகுக்குப் பின்னால்தான் ஒப்பிடுவார்கள். சகலையோடு ஒப்பிடும்போது மட்டும் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, சோறு போட்டுக்கொண்டே ஒப்பிடுவார்கள்.

என் சகலை செல்வராஜ், என் மனைவி புஷ்பத்தின் தங்கையைக் கட்டியவன். கொடகவெல பஜாரில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலை. மூத்த மருமகன் நான். வயதிலும் நான்தான் பெரியவன். மூக்குகூட எனக்குத்தான் எடுப்பு. (பொய்யில்லை, கல்யாணப் படம் இருக்கிறது.) ஆனாலும் மாமியாருக்கு அவன் ‘டைவர் மாப்பிள’, நான் வெறும் ‘நம்ம மூத்தவரு’. ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தால் இரண்டு காலும் அவன் தட்டுக்குத்தான் போகும். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தெம்பு வேண்டுமாம். எனக்குக் கழுத்து வரும். தராசு பிடிக்கிறவனுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அந்தக் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் நானும் லைசன்ஸ் எடுப்பது என்று முடிவு செய்தேன். அப்போது என்னிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வண்டி இல்லை, கோழிக்கால்.

இதில் பெரிய கொடுமை, கற்றுக்கொடுக்கவும் அவனை விட்டால் ஆளில்லை. ஞாயிறுகளில் கடை வேனைக் கேட்டு வாங்கி வந்து சொல்லிக்கொடுத்தான். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. நான் கியரை நொறுக்கும்போதெல்லாம், “பரவால்ல சகல, பழகிரும்” என்பான். அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு இன்னும் பற்றிக்கொண்டு எரியும். திட்டியிருந்தால் மாமியாரிடம் போய்ச் சொல்லவாவது ஒரு குறை கிடைத்திருக்கும்.

இரத்தினபுரியில் டெஸ்ட். அதற்கு முந்தின ஞாயிறு அவன் வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகிக்கொண்டு வந்து நின்றான்.

“சகல, இன்னைக்கு அச்சு அசலா டெஸ்டு மாதிரியே ஓட்டிப் பாத்துருவோம். நான்தான் இன்ஸ்பெக்டர்.”

நிஜ இன்ஸ்பெக்டரைப் போல அவன் சிங்களத்தில் மட்டும்தான் பேசுவானாம். நான் அவனை ‘மஹத்தயா’, அதாவது ஐயா, என்று கூப்பிட வேண்டுமாம். (அவனை. நான்.) வேனுக்கு முன்னால் இருந்த ‘எல்’ போர்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அசல் மாதிரி என்றால் அதுவும் வேண்டுமே என்று என் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, சிவப்புப் பெயிண்டில் எழுத்தை எழுதி, முன் பம்பரில் கட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே அது காற்றில் சுருண்டு எழுத்தை உள்ளே மறைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது.

பாலத்தடியிலிருந்து மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் ஒரே ஏற்றம். மாமியார் வீடும் அங்கேதான். புறப்படும்போதே இன்ஸ்பெக்டர், “லயிட் தான்ன” என்றார். ஹெட்லைட்டைப் போட்டேன். அணைக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. நானாக எப்படி அணைப்பேன்?

மூன்றாவது வளைவில் இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளுத்துப்போனது. வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்தவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் வயிற்றைப் பிரட்டுமாம். (அதுவும் என் ஓட்டம்.) “சகல, தலய சுத்துது” என்று தமிழுக்கு வந்துவிட்டான். வண்டியை நிறுத்தியதும் பின் சீட்டுக்குப் போய் நீட்டிப் படுத்து, தன் வெள்ளைத் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டான். துவாய்க்குள் இருந்தபடியே கடமையையும் விடவில்லை. “ஹெமின். மங் கியனகங் நவத்தன்ன எப்பா” என்றான். மெதுவாகப் போ, நான் சொல்லும்வரை நிறுத்தாதே என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

நான் ஃபர்ஸ்ட் கியரில் ஏறினேன். அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே காணாத மரியாதையைக் கண்டேன். விறகுக் கட்டோடு வந்தவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். சில்லறைக் கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். என் வணக்கத்துக்கு ஒரு நாளும் பதில் சொல்லாத தோட்டத் தலைவர், பீடியைக் கீழே போட்டு மிதித்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு கூட்டமே நடந்து வருகிறது. ஸ்டியரிங் பிடித்தால் இவ்வளவு மதிப்பா என்று எனக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை நாளும் இதையெல்லாம் இந்தப் பயல் தனியாக அனுபவித்திருக்கிறானே என்ற எரிச்சலும் வந்தது. ஒரு கையை வெளியே நீட்டி எல்லோருக்கும் ஆட்டிக்கொண்டே போனேன்.

எங்கள் தோட்டத்தில் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, முன்னால் வெள்ளைத் துணி கட்டி, ஒரு வேன் ஊர்ந்து ஏறி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ பிரேதமாகக் கொண்டு வருகிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், அன்றைக்கு வேன் ஓட்டிய எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

லயத்து வாசலில் எஞ்சின் தானாகவே நின்றது. மாமியார் ஓடிவந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார். முகத்தில் துவாயோடு, அசையாமல் டைவர் மாப்பிள. அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்.

“தவுடு கேட்டா அரிசி கொண்டாந்த தங்கமே... கொடகவெல கடத்தெருவே கும்புட்ட ராசாவே...”

 ஹேண்ட் பிரேக் போட்டேனா என்பதே நினைவில்லாமல் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆனால் காது மட்டும் நன்றாக வேலை செய்தது. அரிசி கொண்டு வந்தானாமே, நான் மாதாமாதம் கொடுத்த தேயிலைத்தூள் எந்த வரியில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான்தான் வந்தேன்.

“ரெண்டு வெளக்கு ஏத்தி வச்சேனே... ஒண்ணுதான் எரிஞ்சிச்சே... எரிஞ்ச வெளக்க அணச்சிப்புட்டு எரியாத வெளக்கு நிக்கிதே...”

அப்போதுதான் செல்வராஜின் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அது ஒப்பாரிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எப்போதோ விழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எரியாத விளக்கு என்றதும் அவனால் அடக்க முடியவில்லை. துவாய் பொங்கியது. எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கூட்டம் சிதறியது. மாமியார் அந்தத் துவாயைப் பிடுங்கி விளாசினார். அவனை இல்லை, என்னை. பாட்டெல்லாம் அவனுக்கு, அடி எனக்கு. தலைவர் வேறு, பிணத்தைக் கொண்டு வந்துகொண்டே கையாட்டிய மனுஷனை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அமளியில் புஷ்பம் தண்ணீர்ப் பீலியடியிலிருந்து ஈரச் சேலையோடு ஓடிவந்தாள். பின் சீட்டுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக என் கதவுக்கு வந்து, ஸ்டியரிங்கோடு ஒட்டிப்போயிருந்த என் கையைப் பிடித்தாள்.

“ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொதல்ல அந்த லைட்ட அணைங்க” என்றாள். அத்தனை பேரில் அவளுக்குத்தான் அது தோன்றியது.

டெஸ்டில் பாஸாகிவிட்டேன். நிஜ இன்ஸ்பெக்டர் லயிட் போடச் சொன்னபோது மின்னல் மாதிரி போட்டு அணைத்தேன். அடுத்த ஞாயிறு ஒரு கோழிக்கால் என் தட்டுக்கு வந்தது. மற்றது அவனுக்கு. செத்துப் பிழைத்தவனாம்.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால் செல்வராஜின் பிள்ளைகள், “பெரியப்பாவ மட்டும் ஏத்திராதீங்க, எரியாது” என்று கத்துகிறார்கள். பிறகு நான் வாங்கிய வண்டியில் ஏறும் சொந்தக்காரர் யாரும் பின் சீட்டில் படுப்பதில்லை. போன பொங்கலுக்கு மாமியாரிடம் கேட்டே விட்டேன், அவனுக்கு அவ்வளவு பாடினீர்களே, எனக்கு என்ன பாடுவீர்கள் என்று.

மாமியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஒங்களுக்கும் நாலு வரி கட்டி வச்சிருக்கேன் மாப்பிள. இப்ப சொன்னா நல்லாருக்காது” என்றார்.

அந்த நாலு வரியும் செல்வராஜுக்குத் தெரியுமாம். என்னவென்று கேட்டால், கோழிக்காலைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான்.