நூறு நாள், ஒரு கீறல் இல்லை

அன்பும் மரியாதையும் மிக்க மச்சானுக்கு,

இங்கே யாவரும் சுகம். குறிப்பாக என் கண் இரண்டும், காது இரண்டும், கைவிரல் பத்தும், கால்விரல் பத்தும் சுகம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் அவ்விதமே இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு பஸ் பணிமனையில் வண்டி கழுவப் போகிறேன் என்றதும் உங்கள் தங்கை செய்த ரகளை நினைவிருக்கும். முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் தண்ணீர் பீய்ச்சுகிற மிஷினைப் பிடித்தால் முழுசாக வீடு திரும்புவாரா என்று கேட்டாள். நீங்கள்தான் பஞ்சாயத்துப் பண்ணினீர்கள். நூறு நாள் உடம்பில் கீறல் இல்லாமல் இருந்தால் வேலை தொடரலாம், எங்கே கீறல் பட்டாலும் வீட்டோடு இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. மச்சான், இன்றோடு நூறு நாள். நூலகத்தில் இன்று தட்டிய தூசி நாளைக்கும் அங்கேயே இருக்கும். இங்கே சேறு அப்பிய பஸ் பத்து நிமிஷத்தில் புதுசாக நிற்கிறது. சந்தோஷத்தில் இந்த வயதில் விசில் அடிக்கிறேன்.

முதல் நாள் கொடுத்த சாமான்களை மாட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கண்ணைச் சுற்றி இறுக்கி மூடும் கண்ணாடி, காதுமூடி, முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, தண்ணீர் புகாத ஏப்ரன், விரல் பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ். வெறும் தண்ணீருக்கா இத்தனை என்றுதான் நானும் நினைத்தேன். கூட வேலை பார்க்கிறவரை எல்லோரும் புயல் என்பார்கள். அவர் கிழிந்த பூட்ஸ் ஒன்றைத் தரையில் வைத்து ஒரே ஒரு நொடி பீய்ச்சிக் காட்டினார். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. "உள்ள கால் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் சார்?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஷவரைக்கூட மரியாதையோடுதான் திறக்கிறேன்.

இருபதாம் நாள்தான் சோதனை. மேனேஜர் கண்ணாடியும் இல்லாமல் பூட்ஸும் இல்லாமல் யாரும் கிட்ட வரக்கூடாது என்று தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி, பக்கவாட்டில் வந்து கூப்பிட்டிருக்கிறார். காதுமூடிக்குள் இருக்கிற எனக்கு இடி விழுந்தாலும் கேட்காது. பஸ்ஸில் பட்டுத் தெறித்த சேறெல்லாம் அவர் வெள்ளைச் சட்டைக்குப் போய்விட்டது. விசையை விட்டுவிட்டுத் திரும்பினால், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார், எல்லாம் உங்க ஆதரவு" என்றேன். மறுநாள், கோட்டைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். கீழே அவருடைய கையெழுத்துத்தான்.

வீட்டுச் சோதனை இதைவிடக் கடுமை. தினமும் மாலையில் உங்கள் தங்கை என்னை வாசல் விளக்குக்குக் கீழே நிறுத்தி, கத்தரிக்காய் வாங்குகிறவள் மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். ஐம்பத்தாறாம் நாள் முழங்கையில் சிவப்பாக ஒன்றைக் கண்டுபிடித்து உங்களுக்குப் போன் பண்ணப் போய்விட்டாள். ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டுத் தக்காளி.

ஆகவே, தீர்ப்பை உங்கள் வாயால் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து என்னை நம்பி இரண்டு மாடி பஸ்ஸையே ஒப்படைக்கிறார்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கீறல் படாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது நான். உங்கள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட குஷியில், கவர் எடுக்க வெறுங்காலோடு துள்ளி எழுந்து மேஜைக் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டார். நகம் பெயர்ந்துவிட்டது. கால்விரல் பத்து என்பதை ஒன்பதேமுக்கால் என்று திருத்திப் படிக்கவும். பேச்சுப்படி அவர் தோற்றாயிற்று. ஆனால் அந்த மிஷினோடு நூறு நாள் இருந்து ஒன்றும் ஆகாத மனுஷனுக்கு, என்னோடு ஒரு சாயங்காலம் இருந்ததில் இந்தக் கதி. அவர் வேலைக்கே போகட்டும் அண்ணா, அங்கேதான் பத்திரம். வீட்டுக்குள்ளும் இனி அந்த பூட்ஸோடுதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விசில் அடிக்கிறார்.