நெஞ்சில் உட்கார்ந்த நாற்பது கிலோ

என் வாழ்க்கையில் தொடர்ந்து முப்பத்துநாலு நாள் தவறாமல் நான் செய்த ஒரே காரியம், ஜிம்முக்குப் போவதாகப் பொய் சொன்னதுதான். படிப்பிலோ வேலையிலோ அந்த ஒழுங்கு எனக்கு வந்ததே இல்லை.

ஆரம்பம் என்னவோ யோக்கியமாகத்தான் இருந்தது. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை எனக்கு. (அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். இதைவிடச் சுகமான வேலை உண்டா?) உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்பதால் முப்பத்தாறு வயதிலேயே, ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூச்சு வாங்கியது. ஒருநாள் என் மனைவி சுமதி, "ஏங்க, லேஸ் இல்லாத ஷூ வாங்கிக்கோங்களேன்" என்றாள். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். அதனால்தான் சுட்டது. அந்த வாரமே மண்டி மொஹல்லாவில் ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

ஜிம் மாடியில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு டிபன் ஓட்டல். காலை ஆறரை மணிக்கு மேலே நீங்கள் எடை தூக்கிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து வெண்ணெயில் தோசை வேகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வரும். அந்தக் கட்டிடத்தைக் கட்டியவருக்கு மனித மனத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது, அல்லது எல்லாமே தெரிந்திருக்கும்.

பயிற்சியாளர் பெயர் நவீன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக மைசூர். அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம். "சார், மொதல் வாரம் மெல்ல மாடி. ஆமேல வெயிட் போடலாம்" என்றார். (கன்னடத்தில் 'ஆமேல' என்றால் 'அப்புறம்', 'மாடி' என்றால் 'செய்யுங்கள்'. நான் ஏற்கனவே மாடியில்தானே நிற்கிறேன் என்று ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை.)

முதல் நாள் முடிந்ததும் தலை சீவக் கை மேலே போகவில்லை. இரண்டாம் நாள் படி இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். ஓட்டல் வாசலில் நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இப்படியே போனால் விட்டுவிடுவேன் என்று எனக்கே பயம். ஆபீசில் மஞ்சுநாத் என்று ஒருவர், எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பவர். "சொந்தபந்தம் எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. அப்புறம் வெக்கத்துக்காவது போவீங்க" என்றார். நல்ல யோசனைதான். எனக்கு வெட்கம் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டதுதான் பிழை.

மூன்றாம் நாள், யாரோ ஒரு பயில்வான் தூக்கிவிட்டு வைத்திருந்த கம்பிக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து, சுமதி வீட்டாரின் குடும்ப குரூப்பில் போட்டேன். "நாள் 3. வலி இருக்கிறது, வழியும் இருக்கிறது" என்று ஒரு வரி வேறு. பாராட்டு கொட்டியது. மாமியார் பத்து கும்பிடு போட்டிருந்தார். ஹனூரில் இருக்கிற சின்ன மாமியார், "சுமதி, மாப்பிள்ளைக்கு சுத்திப் போடு" என்று குரல் பதிவே அனுப்பியிருந்தார். அன்று முழுக்க நான் ஆபீசில் கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

அன்றே எனக்கு ஒரு உண்மை புரிந்துவிட்டது. ஜிம்முக்குப் போய் அடைய நினைத்தது இந்தப் பாராட்டைத்தான். அது கிடைத்தாகிவிட்டது. இனிமேல் கம்பியை எதற்குத் தூக்குவானேன்?

நாலாம் நாள் பையில் ஆறு டி-ஷர்ட் எடுத்துப் போனேன். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு மாதத்துக்கு வேண்டிய படங்களை எடுத்து முடித்தேன். அதன்பிறகு தினமும் காலை ஆறு மணிக்குப் பையோடு கிளம்புவேன். மண்டி மொஹல்லா போவேன். படி ஏற மாட்டேன். கீழே ஓட்டலில் உட்கார்ந்து செட் தோசை சாப்பிட்டுக்கொண்டே மேலே எடுத்த படத்தை குரூப்பில் போடுவேன். எடை இரண்டு கிலோ ஏறியது. "தசை ஏறுது" என்றேன். சுமதி என் பையிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொள்ளேகாலிலிருந்து என் மாமனார் வந்து இறங்கினார். பட்டு நூல் வியாபாரி. அறுபத்திரண்டு வயது. சர்க்கரை. கையில் ஒரு பை, பைக்குள் அட்டைப்பெட்டி பிரிக்காத புது ஷூ.

"மாப்ளே, டாக்டர் பத்து வருசமா உடம்ப அசைங்கன்னு சொல்றாருங்க. நான் காதுல வாங்கலை. உங்க போட்டோவப் பாத்துத்தானுங்க எனக்கே புத்தி வந்துச்சு. அதுவும் அந்தச் சுவர்க் கடிகாரத்தப் பாத்தேன். என்னைக்குப் பாத்தாலும் ஆறே முக்கால். பத்து நிமிசம்கூட அப்படி இப்படி இல்லீங்க. மனுசன்னா இப்படி இருக்கணும்னு உங்க மாமியார்கிட்டச் சொன்னேன். நாளைக்குக் காலைல நானும் உங்ககூட வர்றேனுங்க."

அவர் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனிதர் உட்கார்ந்து, வெகு கவனமாக ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை மாமா. லீவு" என்றேன்.

"போன ஞாயித்துக்கிழமை போட்டோ போட்டீங்களே?"

சுமதி சமையலறையில் பாத்திரத்தைக் கீழே போட்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் டயர் பஞ்சர் ஆகாதா என்று பள்ளம் பார்த்து ஓட்டினேன். மைசூரில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அன்று டயர் அசரவில்லை. முப்பத்துநாலு நாளுக்குப் பிறகு படி ஏறினேன். நல்ல வேளை, நவீன் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வருவதற்குள் ஏதாவது தூக்கிக் காட்டிவிட்டு மாமனாரைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மாமனார் ஒரு பெஞ்சைக் காட்டினார். அதன் மேல் தாங்கியில் தட்டு மாட்டிய கம்பி. "போட்டோல இருந்தது இதவிடப் பெருசாச்சுங்களே மாப்ளே. இது உங்களுக்கு எந்த மூலைக்கு?"

படுத்தேன். கம்பியும் தட்டுமாக நாற்பது கிலோ. தாங்கியிலிருந்து எடுத்தது நினைவிருக்கிறது. அதன்பிறகு நான் கம்பியை இறக்கவில்லை, கம்பிதான் இறங்கியது. வந்து என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. தள்ளினேன். அசையவில்லை. கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை, ஒரு மாதிரி 'ஹீ' என்று காற்றுதான் வந்தது.

மாமனாருக்கோ இது பயிற்சியின் ஒரு பகுதி. பக்கத்தில் நின்றவரைத் தட்டிக் கூப்பிட்டு, "பாருங்க, நம்ம மாப்பிள்ளைங்க. எவ்வளவு நேரம் நெஞ்சிலயே நிறுத்தறாரு பாருங்க" என்றார். அத்தோடு விட்டாரா? போனை எடுத்துக் கொள்ளேகாலுக்கு வீடியோ கால் போட்டார். அன்று பார்த்து ஹனூர் சின்ன மாமியார் குடும்பம் அங்கே வந்திருந்தது. திரையில் எட்டு தலை.

"மாப்ளே, நல்லா இருக்கீங்களா?" என்றார் மாமியார்.

"ஹீ" என்றேன்.

"பேச்சே வரலை பாரு, அவ்வளவு கவனம்" என்றார் சின்ன மாமியார்.

அப்போதுதான் நவீன் ஓடி வந்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, இன்னொரு முனையை, போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என் மாமனார் ஒற்றைக் கையால் தூக்கினார். (வாழ்நாள் முழுக்க நூல் மூட்டை தூக்கிய கை. சர்க்கரை அதை ஒன்றும் செய்திருக்கவில்லை.) கம்பி போய்த் தாங்கியில் உட்கார்ந்தது. நான் எழுந்து, நவீனுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். ஒன்றும் சொல்லிவிடாதே என்று மன்றாடினேன்.

"கண்ணுக்கு ஏனாயிது, என்ன ஆச்சு சார்?" என்று அவர் அக்கறையாக விசாரித்துவிட்டு, மாமனாரிடம் திரும்பினார். "யஜமானரே, இவர ஒத்தையா விடாதீங்க. மூணே தினா வந்தாரு. நாலாவது தினா வந்து, ஷர்ட் மாத்தி மாத்தி போட்டோ எடுத்தாரு. ஆமேல இந்த பக்கமே காணோம். நான் ஊர விட்டே போய்ட்டாருன்னு நெனச்சேன்."

கொள்ளேகாலில் எட்டு தலையும் அசையாமல் நின்றன. நெட்வொர்க் போய்விட்டதோ என்று ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது. இல்லை. பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மாமனார் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். நவீனிடம் தனக்கு என்ன செய்யச் சொல்கிறார் என்று கேட்டு, சொன்னதை அரைமணி நேரம் ஒழுங்காகச் செய்தார். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உடம்பில் ஒரு துளி வியர்வை இல்லாமல் முகத்தில் அசடு மட்டும் வழிந்தது.

இறங்கும்போது, "ஒரு காப்பி குடிக்கலாமுங்களா?" என்றார். நவீன் போட்டு உடைத்தபிறகு முதல் முறையாக அவர் என்னிடம் பேசிய வார்த்தை. மறுக்க எனக்கு ஏது வாய்? உட்கார்ந்ததுதான் தாமதம், பரிமாறுகிறவர் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"ஏன் சார் இவத்து லேட்டு? நிம்ம செட் தோசை, எக்ஸ்ட்ரா வெண்ணெ, அதானே?"

மாமனார் என்னைப் பார்த்தார். பரிமாறுகிறவரைப் பார்த்தார். மேலே கூரையைப் பார்த்தார், அதாவது ஜிம்மை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், டம்ளரில் காப்பி தளும்பி மேசையெல்லாம் வழிந்தது. நானும் சிரித்துப் பார்த்தேன். நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது, கம்பி உட்கார்ந்த இடம்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் ஒப்புக்கொண்டேன். "துண்டு தினமும் காய்ஞ்சுதான் வந்துச்சு" என்றாள். "தோய்க்கிற வேலை மிச்சம், எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

மாமனார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. போயிருக்கலாம். மூன்று வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கி, தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஷூ போட்டுக்கொண்டு எங்கள் படுக்கையறைக் கதவைத் தட்டினார். "மாப்ளே" என்று ஒரே ஒரு முறை, மெதுவாக. அந்த ஒற்றை மரியாதைக்கு எந்த அலாரமும் நிகரில்லை. உற்சாகம் உள்ளிருந்து வரவேண்டும் என்கிறார்கள். எனக்கு அது கொள்ளேகால் பஸ்ஸில் வந்தது. அவர் சர்க்கரை குறைந்து, இடுப்பு இளைத்து வேட்டியில் ஒரு சுற்று கூடியது. இன்றுவரை அவர் ஊரில் விடாமல் உடற்பயிற்சி செய்கிறார். நான், அவர் பஸ் ஏறிய நாலாம் நாள் நிறுத்தினேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கையில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். கண் திறக்க முடியவில்லை. பதறிப்போன சுமதி என்னை அப்படியே படம் எடுத்து குரூப்பில் போட்டு, எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டு நிமிடத்தில் மாமியாரிடமிருந்து பதில் வந்தது. சுமதி எனக்குப் படித்துக் காட்டினாள்.

"இது எப்ப எடுத்த போட்டோ?"