மீன்தொட்டியில் மாமனார் கடிகாரம்

மாமனாரின் கடிகாரம் மீன்தொட்டிக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதில் மட்டும் இன்னும் பத்து பத்துதான்.

மாப்பிள்ளை தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். அவர் ஒரு கடிகாரக் கடையில் சேல்ஸ்மேன். விலையைக் கேட்டாலே தலை சுற்றும் ஆழ்கடல் கடிகாரங்களின் சரித்திரம் பற்றி அன்று மாலை கடையில் ஒரு கூட்டம். அந்தக் காலத்தில் தண்ணீர் புகாது என்று சொன்னால் யாரும் நம்பாததால், கடைக்காரர்கள் கடிகாரத்தை மீன்தொட்டியில் போட்டே பார்வைக்கு வைத்தார்களாம். அதே மாதிரி வைக்கப் பழசாக ஒன்று வேண்டும் என்றார் முதலாளி. எங்க மாமாகிட்ட இருக்கு சார் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் இவர்தான்.

மாமனார் கடலுக்கடியில் இறங்கிக் கப்பல்களின் அடிப்பாகத்தை வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் மகள் வீட்டுக்கு வருவார். சோபாவில் உட்காருவார். பேச்சு கிடையாது. அவ்வப்போது கடிகாரத்தைப் பார்ப்பார், உட்கார்ந்தே இருப்பார். மனுஷன் நம்மை எடை போடத்தான் வருகிறார் என்பது மாப்பிள்ளையின் முடிவு. அப்பேர்ப்பட்டவர், கேட்டதும் கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்திருந்தார். எப்படியாவது அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று இவர் தவியாய்த் தவித்தார், பாவம்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? கடையில் பார்வைக்கு வைக்கும் கடிகாரம் எல்லாம் பத்து பத்தில்தான் நிற்க வேண்டும். கைக்குட்டையைப் பிரித்த கையோடு அதன் பக்கவாட்டில் இருந்த சாவியைத் திருகி வெளியே இழுத்து, முட்களைப் பத்து பத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டார். சாவியை மறுபடி அழுத்தி இறுக்கினால்தான் தண்ணீர் உள்ளே போகாது. வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்கு வேலையே.

வெளியே எடுத்து, சாவியை இறுக்கி, குலுக்கிப் பார்த்தார். முள் அசையவில்லை. பக்கத்து சலூனில் முடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கிச் சூடாக ஊதினார். கண்ணாடிக்குள் ஆவி படிந்து, தெரிந்துகொண்டிருந்த முள்ளும் மறைந்துபோனது.

மாடியில் இருந்த ரிப்பேர்காரர் கடிகாரத்தை ஒரு தடவையும் இவரை இரண்டு தடவையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை தொந்தரவு செய்யக் கூடாது என்றார்.

காலித் தொட்டியைப் பார்த்தால் முதலாளி விடுவாரா? அலமாரியிலிருந்து அதே சாயலில் ஒரு புதுக் கடிகாரத்தை எடுத்து உள்ளே போட்டார் மாப்பிள்ளை. முதலாளி ஒரு வாடிக்கையாளரை அழைத்துவந்து, இந்தக் கடிகாரம் பார்க்காத கடல் இல்லை என்று உருகினார். வாடிக்கையாளர் குனிந்து பார்த்து, விலைச்சீட்டு மிதக்குதே என்றார். அதற்கப்புறம் முதலாளி பேசியதை அச்சில் போட முடியாது.

மாலையில் மாமனாரும் மாமியாரும் சீக்கிரமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வியர்க்க வியர்க்கப் பேசினார். முகப்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஒரே பக்கம்தான் திரும்பும். எதிலாவது இடிபட்டு நகர்ந்தாலும் மிச்ச நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதனால் கடலுக்குள் இருப்பவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார் என்றார். மாமனார் மெல்லத் தலையாட்டினார். கல்யாணமானதிலிருந்து மாப்பிள்ளை கண்ட முதல் தலையாட்டல் அது.

கூட்டம் கலைந்ததும் ரிப்பேர்காரர் கடிகாரத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார். ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் மாமனாரிடம் நீட்டினார்.

அவர் வாங்கிக் காதில் வைத்தார். முகம் சுண்டிப்போனது.

"ஓடுதா?"

"நல்லா ஓடுது மாமா."

மாமனார் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சாவியை இறுக்காமல் தண்ணீரில் போட்டது, ஊதியது, ரிப்பேருக்குக் கொடுத்தது, ஒன்று விடவில்லை. நல்ல கடிகாரத்தை நான்தான் நிறுத்திட்டேன் அத்தை, மாமா கண்டுபிடிச்சிட்டார் போல என்றார்.

மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"நீங்க எங்க நிறுத்தினீங்க மாப்பிள்ளை, அது நின்னு பல வருஷமாச்சு. ஓட ஆரம்பிச்சா நேரம் பார்த்து உங்க வீட்டுலேருந்து கிளம்பணுமேன்னுதான் அவர் இத்தனை நாளா ரிப்பேருக்கே கொடுக்கலை."