பிரியம்வதா மேடம் கேட்ட ஜிமிக்கி

பால்பாண்டி அன்று காலை இட்லியைக் கடித்தபோது உள்ளேயிருந்து ‘கடக்’ என்று சத்தம் வந்தது. துப்பிப் பார்த்தார். சிவப்பாக ஒரு பாசிமணி.

“வாணி! மணி!” என்று கத்தினார்.

“எட்டரை ஆகுதுங்க,” என்றாள் இசைவாணி, கம்மலில் பசை தடவியபடி.

“நேரத்தைக் கேக்கல. இட்லிக்குள்ள மணி!”

“அட, அங்கதான் கெடக்கா? இம்புட்டு நேரமாத் தேடிக்கிட்டிருக்கேன். கழுவிக் குடுங்க.”

பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். பள்ளிக்கூட டீச்சரான இசைவாணி, முழுப்பரீட்சை லீவில் பட்டுநூல் சுற்றி நாலு ஜோடி ஜிமிக்கி செய்து வாட்ஸ்அப்பில் படம் போட்டாள். தல்லாகுளத்துக் காதுகள் மொத்தமும் திரண்டு வந்து வாங்கின. ஆறே மாதத்தில் சாப்பாட்டு மேஜை பட்டறையானது. சோபா குடோனானது. டிவிக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் உயர்ந்துவிட்டதால் பால்பாண்டி கிரிக்கெட்டைக் காதால்தான் பார்த்தார்.

“நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கு, வாணி.”

“காதுக்கு வாங்க வர்றவங்களைக் கவனிக்கவே நேரமில்ல. இதுல நான் வேற காதுல வாங்கணுமா?”

பால்பாண்டி அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருஷமாகக் குறை கண்டுபிடித்துக் குறை கண்டுபிடித்தே மனுக்களைத் திருப்பி அனுப்பியவர். கட்டின பொண்டாட்டியை அலையவிடத் தெரியாதா? புது சிம் ஒன்று வாங்கினார். பிரியம்வதா என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டார். தொல்லை பிடித்த கஸ்டமர் ஒருத்தி வாய்த்தால் போதும், வாணி வெறுத்துப்போய்க் கடையை மூடிவிடுவாள் என்பது திட்டம்.

பிரியம்வதா நீல ஜிமிக்கி கேட்டாள். செய்து படம் அனுப்பியதும் பச்சை என்றாள். பச்சை முடிந்ததும், மயில் கழுத்து நிறம்தான் வேண்டும் என்றாள்.

அடி சரியாகத்தான் விழுந்தது, அவருடைய வயிற்றில்.

“என்ன வாணி, இன்னைக்கும் உப்புமாவா?”

“பிரியம்வதா மேடம் திரும்பவும் கலரை மாத்திட்டாங்க. அடுப்படிப் பக்கம் போக ஏது நேரம்?”

“அந்தம்மா சரியான இம்சையா இருக்கும் போல. விட்டுத் தொலை.”

“ச்சே, பாவங்க. வீட்ல அவங்க பேச்சுக்கு மதிப்பே இல்ல போல. நம்மகிட்டயாவது அதிகாரம் பண்ணிட்டுப் போகட்டும்.”

பால்பாண்டி மீதி உப்புமாவைத் தட்டோடு தள்ளிவைத்தார்.

கடைசியாகப் பேக்கிங்கில் கை வைத்தார். பெட்டியின் படத்தைக் கேட்டு வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து குறைகளைப் பட்டியலிட்டார். மூலை மடிப்பு சரியில்லை. பஞ்சு போதாது. ரிப்பன் கோணல். வரிசை எண் போட்டுப் பதினாலு குறைகள்.

அனுப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் கீழே வந்தார். போனைப் படித்த இசைவாணி பெருமூச்சு விட்டாள். பால்பாண்டியின் நெஞ்சுக்குள் நாதஸ்வரம் ஒலித்தது.

“என்னம்மா, கடையை மூடிறலாமா?”

“மூடுறதா? பேக்கிங்ல இந்தம்மாவுக்கு எம்புட்டு ஞானம் பாருங்க! இவங்களையே வேலைக்கு வச்சுக்கிறப் போறேன்.”

“அது எப்படி முடியும்? அவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க.”

“கோயம்புத்தூர்னு நான் சொல்லவே இல்லையே?”

பால்பாண்டி தன் போனைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்.

“முதல் நாளே தெரியுங்க. எந்தப் பொம்பளை ‘பொருள்: ஜிமிக்கி வழங்கக் கோருதல் தொடர்பாக’ன்னு மெசேஜ் போடுவா?”

“தெரிஞ்சுமா மூணு கலர்ல செஞ்சுக்கிட்டிருந்த?”

“செஞ்சதை எல்லாம் ஸ்டேட்டஸ்ல போட்டேன்ல. மயில் கழுத்துக்கு மட்டும் நாப்பது ஆர்டர். எனக்கெல்லாம் இப்பிடி யோசனை வராதுங்க.”

சொல்லிக்கொண்டே நாற்பது காலிப் பெட்டி, பஞ்சு, கத்தரிக்கோல், ரிப்பன் சுருள் எல்லாவற்றையும் அவர் முன்னால் தள்ளிவைத்தாள்.

இரண்டாவது பெட்டியிலேயே ரிப்பன் கோணிக்கொண்டது.

“அவுத்துக் கட்டுங்க, மேடம்,” என்றாள் இசைவாணி.