குற்றவாளிகள் மேசையில் ஒரு நாற்காலி

வம்சப் பெருமை என்பது உலகிலேயே ஆஸ்திரேலியாவில் உள்ள எங்கள் ஹோபார்ட் நகரில்தான் பூரணத்துவம் அடைந்தது. மற்ற ஊர்களில் முப்பாட்டன் மந்திரியாக இருந்தார் என்று வாய்க்கு வந்தபடி அளப்பார்கள். நாங்கள் முப்பாட்டன் திருடன் என்பதை கோர்ட்டுப் பதிவேட்டின் நகலோடு நிரூபிப்போம்! 'கைதி வம்சத்தார் சங்க'த்தின் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என் முன்னோர் இரண்டு வாத்து திருடி, ஏழாண்டு தண்டனை பெற்று இங்கிலாந்திலிருந்து கைதிக் கப்பலில் நாடுகடத்தப்பட்டு வந்தவர். தலைவர் பெங்கெல்லியின் முன்னோர் திருடியது முழுசாக ஒரு சீஸ். அதனால்தான் அவர் தலைவர்.

மெர்ல் டிப்பெட் அம்மாள் இருபது வருடம் எங்கள் ஆண்டு விருந்தில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கணவரின் முப்பாட்டன் கள்ள நாணயம் அடித்தவர், உயர்ந்த குலம். கணவர் போய்ச் சேர்ந்ததும் விதிப்படி நாற்காலியும் போயிற்று. இப்போது அதே மேசைக்குத் தேநீர் ஊற்றுகிறார். அவர் கேட்டதெல்லாம் அந்த நாற்காலியைத்தான்.

தன் பிறந்த வம்சத்திலும் ஒரு குற்றவாளி அகப்பட மாட்டாரா என்று ஏழு மாதம் ஆவணக் காப்பகத்தில் கண் பூத்துப்போகத் தேடினார். ஒருநாள் என்னிடம் ஓடி வந்தார்.

"குதிரைத் திருட்டு கேசு கிடைச்சுது செயலாளரே! ஆனா கடைசி வரியில..." விம்மினார். "நிரபராதின்னு விட்டுட்டாங்க!"

"மனசைத் தேத்திக்கோங்க. எந்தக் குடும்பத்துலயும் இப்படி ஒண்ணு ரெண்டு நடக்கறதுதான்," என்றேன்.

மறுவாரம் பெங்கெல்லியின் மளிகைக் கடையில் ஒரு சீஸை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மெர்ல் அம்மாள் நிதானமாக வெளியே நடந்தார். பெங்கெல்லி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போலீசுக்கு போன் போட்டார். கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

"ஐயா, தண்டனை பதிவேட்டுல ஏறுமில்ல?" என்று நீதிபதியையே கேட்டாராம்.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவேட்டின் நகலை மேசைமேல் வைத்தார்.

"வம்சத்துல ஒரு தண்டனைப் பதிவு வேணும்னுதானே விதி? நானும் என் வம்சத்துலதானே இருக்கேன்?"

பெங்கெல்லி முகம் சிவந்தார். "கௌரவமான சங்கம்மா இது! களவாணிங்களை எப்படிப் பக்கத்துல உக்கார வைக்கறது?"

"அப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"உங்க கொள்ளுப் பேரனோட கொள்ளுப் பேரன் வரட்டும். மாலை போட்டு வரவேற்கிறோம்."

மெர்ல் அம்மாள் எங்கள் கோப்பைகளில் தேநீர் ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் கடமை தவறாமல் தீர்மானத்தை எழுதினேன்: 'திருடர்களின் வாரிசுகள் அமரும் மேசையில் திருடர்களுக்கு இடமில்லை.' ஏகமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவன் நான்தான்.